சுவர் ஏறவில்லை என்ற புகார்

ஒத்தக்கடை தாண்டி நரசிங்கம் விலக்கில் திரும்பினால்
காம்பவுண்டுக்குள் ஒரு நீலம்.
எதிரே யானைமலை
காலகாலமாய்ப் படுத்தே கிடக்கிறது.
அது எழவில்லை என்று
யாரும் எனக்குப் போன் போடுவதில்லை.

நான் பார்க்க வந்த ஆள் வேறு.
ஒன்பதரைக் கிலோ, இரண்டு பட்டைச் சக்கரம்,
வயிற்றில் ஒரு வடிகட்டிக் கூடை.
தரையைத் துடைத்தபின் சுவரில் ஏற வேண்டும்,
நீர்மட்டத்தில் மூக்கை நீட்டிவிட்டு இறங்க வேண்டும்.
"ஏற மாட்டேங்குது. ரெண்டடி போயி வழுக்கி விழுது."
கொச்சியிலிருந்து முதலாளியின் குரல்பதிவு.
பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

முதலில் வயர்.
பதினெட்டு மீட்டரும் முறுக்கிக்கொண்டு
ஜாங்கிரி பிழிந்த மாதிரி மிதந்தது.
அவிழ்த்து வெயிலில் நீட்டிப் போட்டேன்.
அடுத்தது காற்று.
தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து
குழந்தைக்கு ஏப்பம் எடுப்பது போலத் தட்டினேன்.
நாலு குமிழ். அது காரணமில்லை.
பிரஷ் தேயவில்லை. பெல்ட் அறவில்லை.
பவர் பெட்டியில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிகிறது.

விசிறியைத் திறந்தேன்.
மென்ற முனையோடு ஒரு வேப்பங்குச்சி.

கூடையைத் திறந்தேன்.
மேலூர்க் காற்றில் வருகிற கல்தூள்,
விரற்கடை கனத்துக்குச் சாம்பலாய்.
புங்கம்பூ.
ஒரு வெள்ளைப் பொத்தான்.
வலை முழுக்க வழவழவென்று ஏதோ படலம்.
முகர்ந்து பார்த்தேன்:
எலுமிச்சை சோப்பு.

பல்லியே வழுக்கும் சுவரில்
ரப்பர் என்ன செய்யும்?

நிமிர்ந்தேன்.
காவல்கார வீரணன்
ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்குத்
தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
மோட்டார் ரூம் பக்கம் கொடியில்
மூன்று பள்ளிக்கூடச் சட்டைகள்.
நடுவில் இருந்ததற்கு
இரண்டாவது பொத்தான் இல்லை.

"எங்க தெருவுக்கு லாரி வந்து பதினோரு நாளாச்சு,"
என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.
"பிள்ளைகள எறக்கல. வாளியில மோந்துதான்.
கரையில வச்சுத் தொவைக்கிறது,
எப்படியோ வழிஞ்சு உள்ள போயிருது."
ஓஸைத் தரையில் போட்டார்.
"நான் மட்டும் ஒருநா எறங்கினேன். விடியக்காலம்.
மல்லாந்து கெடந்தேன்.
மலை ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு."

கூடையைக் குழாயடியில் பிடித்தேன்.
கல்தூள் போக நேரம் ஆனது, சோப்புப் போக அதைவிட.
கழுவிக்கொண்டே சொன்னேன்:
கரையில் வேண்டாம். ரூமுக்குப் பின்னால் கொண்டு போங்க.
குச்சியைத் தண்ணிக்குள்ள போடாதீங்க,
விசிறி உடைஞ்சா பன்னெண்டாயிரம்.
இதை வாரம் ரெண்டு தடவை இப்படிக் கழுவுங்க.
சுவரைத் தேய்ப்புக்கட்டையால ஒரு இழுப்பு.
மட்டம் ரெண்டு அங்குலத்துக்கு மேல எறங்கினா
பம்ப் காத்தை இழுக்கும்,
சத்தம் போடும், முதலாளிக்கு மெசேஜ் போகும்.

அவர் தலையாட்டவில்லை.
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
இருபதடிக் குளத்தில் ரெண்டு அங்குலம் என்றால்
எத்தனை வாளி.

அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
'கல்தூள்' என்று எழுதினேன்.
முதலாளி மறுபேச்சுப் பேச மாட்டார்.
தூள் அவர் குவாரியுடையது.

சுவிட்சைப் போட்டோம்.
தரையில் இரண்டு சுற்று சுற்றியது,
மூலையில் நின்று யோசித்தது,
பிறகு சுவரில் ஏறியது.
இரண்டடி. மூன்றடி.
விளிம்பில் மூக்கை நீட்டி
களக் களக் என்று தண்ணீர் துப்பியது.
வீரணன் சிரித்துவிட்டார். உடனே நிறுத்திக்கொண்டார்.

சர்வீஸ் சார்ஜ் நானூற்றைம்பது, ஜிபேயில் வந்துவிட்டது.
மாட்டுத்தாவணி சிக்னலில்தான் கவனித்தேன்,
பொத்தான் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.
அடுத்த புகாருக்குப் போகும்போது
மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.