இருநூற்று நான்கு

பத்து வருடம் வைத்திருக்கச் சொல்கிறது
இந்த நாட்டுச் சட்டம்.
பதினோராம் வருடம்
எல்லாம் என்னிடம் வந்துசேரும்.

ஓல்டன். நவம்பர்.
மூடுபனிக்குள் ஆரே ஆறு
ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்ற நம்பிக்கையில்
பாலத்தைக் கடந்து வந்தேன்.
கந்தோரில் நானும் கோப்பி இயந்திரமும்.
இன்றைக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு
கொள்வனவுக் கட்டளைகள்.

முதலில் குப்பைக்கூடை.
அதற்குள் முப்பது நாள்
மனம் மாறுவதற்கென்று வைத்திருக்கிறார்கள்.
யாரும் மாறவில்லை.
பிறகு ஏபிஐ வழியாக ஒரு வரி,
அதன் வாலில் 'நிரந்தரமாக: ஆம்'.
பதில் 204.
செய்தாயிற்று, சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.
அதே இலக்கத்தை இன்னொருமுறை கேட்டால் 404:
அப்படியொன்றை நான் அறியேன்.

பன்னிரண்டு தொன் கம்பி போனது.
நாற்பத்திரண்டு யன்னல் போனது.
இடப்பக்கம் திறக்கும் கதவுகள் பதினெட்டு,
'ஐயோ வலப்பக்கம், வலப்பக்கம்' என்று
யாரோ பெரிய எழுத்தில் கத்தியதோடு சேர்ந்து
போனது.
கட்டடம் போகவில்லை.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் நிற்கிறது.
இரண்டாம் மாடியில் பல்வைத்தியர்.
போன கிழமை அந்தப் படிகளில் ஏறித்தான்
கடைவாய்ப் பல்லொன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.
களைக்கிற நேரமெல்லாம்
நாக்கு தானாகப் போய்
இல்லாததைத் தொட்டுப் பார்க்கிறது.

2716.
டைல்ஸ் ஒட்டும் பசை, அறுபது மூட்டை.
குறிப்பு என்ற பெட்டிக்குள்
மேற்பார்வையாளர் ஷ்டுக்கியின் ஜெர்மன்:
இரண்டு மூட்டை குறைகிறது. தமிழனிடம் கேட்கவும்.

பெயரில்லை.
சுமந்தவனா, பூசியவனா,
மத்தியானச் சோற்றைத் தனியே இருந்து தின்றவனா?
சம்பளப் பதிவுகளில் தேடியிருக்கலாம்.
போன வருடம் அவற்றை அழித்ததும்
நான்தான்.

ஒன்பது நாள் கழித்து
கட்டளையின் கீழே ஒரு கிளைவரி:
மூட்டைகள் கிடைத்தன.
லிஃப்ட் குழிக்குப் பின்னால், பனிக்கு அடியில்.
அவ்வளவுதான்.
அவனிடம் சொன்னார்களா என்பதற்கு
மென்பொருளில் பெட்டி இல்லை.

தாய்ப்பதிவை அனுப்பினேன்.
மறுத்தது, 409.
கிளை இருக்கும்வரை மரத்தை வெட்ட முடியாதாம்.
ஆகவே முதலில் போக வேண்டியது
கிடைத்தன என்ற வரி.
குறைகிறது என்ற வரி அதற்குப் பிறகு.
இரண்டுக்கும் நடுவில்
வழமையாக இரண்டு விநாடி இடைவெளி,
வழங்கி மூச்சு வாங்குவதற்கு.

அந்த இரண்டு விநாடி
அவன் மறுபடியும் கள்ளன்.

எனக்குப் பொறுக்கவில்லை.
இந்த ஒன்றுக்கு மட்டும்
இடைவெளியை எடுத்துவிட்டு ஓடவிட்டேன்.
கிளை போனது, 204.
தாய்க்கு வந்த பதில் 429.
அவசரப்படுகிறீர்கள்,
அறுபது விநாடி பொறுக்கவும்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
திரையில் அந்தக் குறிப்பு மட்டும்,
தமிழனிடம் கேட்கவும்.
கந்தோரில் இருந்தது நான் ஒருத்திதான்.
கேளுங்கள் என்றேன், சத்தமாக, தமிழில்.
கோப்பி இயந்திரம் தன்னைத் தானே
கழுவிக்கொண்டது.
ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு.
கீழே சூரிச் ரயில் போனதில்
யன்னல் கொஞ்சம் நடுங்கிற்று.

204.

ஏழு மணிக்கு ஃப்ராவ் லுஸ்டன்பெர்கர் வந்து
மழைக்கோட்டை உதறினார்.
ஏதும் பிழை வந்ததா என்று கேட்டார்.
ஒன்று வந்தது, சரியாகிவிட்டது என்றேன்.
நல்லது என்று
பட்டியலில் ஒரு சரி போட்டார்.
நாக்கு போய்த்
தொட்டுப் பார்த்தது.