செப்பு

காலை ஐந்தரை. எஸ்தர்ராணி
ஸ்டவ்வோடு சண்டை போடுகிறாள்.
முழங்காலிலேயே தூங்கிவிட்டேன் மறுபடியும்;
ஆமென் சொல்லி அவள்தான் எழுப்பினாள்.

குப்பத்துக்கு வந்து ஏழு மாதம்.
சாயர்புரத்தில் வாங்கிய சோப்பு தீர்ந்தது,
அம்மா கட்டித்தந்த கருப்பட்டி தீர்ந்தது,
தெலுங்கு மட்டும் இன்னும்
தொண்டைக்கு இறங்கவில்லை.

பையில் நாற்பது கைப்பிரதியோடு
மல்பெரித் தோட்டம் தாண்டி நடந்தேன்.
முதல் வீட்டில் நாய். இரண்டாவதில் பூட்டு.
மூன்றாவதில் ஒருவர் மரியாதையாக வாங்கி
என் கண் முன்னே பல்லி எச்சம் துடைத்தார்.

புழுக்கொட்டகை வாசலில் கங்குலம்மா
என்னை மேலும் கீழும் பார்த்து
"செப்பு" என்றாள்.
சொல் என்கிறாள்!
ஏழு மாதத்தில் யாரும் கேட்கவில்லை அப்படி.
மனப்பாடம் செய்ததையெல்லாம்
மூச்சுவிடாமல் கொட்டினேன்.
பாபம் என்பதற்குப் பாமு என்றேன் போல,
சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.
கடைசிவரை கேட்டாள். பிறகு
குனிந்து என் காலைத் தொட்டாள்.

செருப்புக்கும் இங்கே செப்புதான்.
வார் அறுந்திருந்தது.

கோணி ஊசியால் தைத்துத் தந்தாள்.
உள்ளே தட்டுத் தட்டாய்ப் புழுக்கள்
இலை தின்னும் சத்தம்,
ஓட்டின்மேல் தூறல் மாதிரி.
"தின்னாவா?"
அது புரிந்தது. களி உருண்டை சுட்டது.

இரவு அறிக்கைத் தாள்.
சந்தித்த வீடுகள்: நான்கு.
தீர்மானம் எடுத்தவர்கள்: ஒரு கோடு.
பாளையங்கோட்டைக்கு என்னடி எழுத என்றேன்.
"உள்ளதை எழுது, லைட்டை அணை"
என்று திரும்பிப் படுத்தாள் எஸ்தர்ராணி.

பிற விவரம்:
செருப்பு தைத்தாயிற்று.
ஸ்டவ்வுக்கு வாஷர் வேண்டும்.