நுரை

உவரியிலிருந்து இரண்டு கேன் கடல்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர்
மூடியைத் திறந்து மோந்து,
"வெறுந் தண்ணியா?" என்றார்.

சமாதானபுரம் வீட்டில்
மூன்றங்குல பிவிசி குழாய்,
தலைக்கு ஊறுகாய் டப்பா,
காற்றைத் திருகிக் குறைக்க
ஆஸ்பத்திரி டிரிப் செட்டின் உருளி.
காற்றுக்கல் கிடைக்கவில்லை.
ஆசாரி கொடுத்த முருங்கைத் துண்டு வழியே
சலித்த மாவாய் வந்தது குமிழி.

முதல் நாள் நுரை இல்லை.
இரண்டாம் நாளும்.
"சவத்தத் தூக்கி வெளிய போடு,"
மோட்டார் சத்தத்தில் புரண்டான் செல்வின்.
பசை வாடை போகணும், பொறு என்றேன்,
எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

நாலாம் ராத்திரி
கரண்ட் போய் வந்தபிறகு
குழாயின் கழுத்துவரை ஏறி
தயங்கி
ஒரு கரண்டியளவு வழிந்தது,
பழைய டிக்காஷன் நிறம்.
நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம்.

தொட்டியைப் பார்த்தேன்.
நேற்றும் இதே தெளிவுதான்,
மீனின் செதிலை எண்ணலாம்.
கொண்டல் அடித்த நாளில்
கரையில் ஒதுங்கிக் கிடந்ததை
காலால் அளைந்து சிரித்தோமே,
அதுவும் இதுதானா?

செல்வின் எழுந்து வந்து குனிந்தான்.
"இவ்வளவும் அதுக்குள்ளயா கெடந்துது?"
"ம்."
டப்பாவைக் கழற்றிக் கொண்டுபோய்
அவனே கழுவினான்,
ரெண்டு தடவை.