பனி இறைத்தல்

பகலெல்லாம் நீர் இறைப்பது என் வேலை.
போ நதியின் கழிமுகத்தில்
நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.
பம்புகள் ஒரு வாரம் தூங்கினால்
கோதுமை வயலில் மீன் மேயும்.
இரவில், சமையலறை மேசையில்,
பனி இறைக்கிறேன்.

நவம்பர் பதினெட்டு, காலை ஏழு நாற்பது.
இரண்டு கிளுவைகள்.
மற்றவர் கண்ணுக்கு அது
சாம்பல் துணியில் சாம்பல் கறை.
"ஈரச் சுவரையா படம் எடுத்தாய்?" என்றாள் இவோன்னே,
அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

ஹிஸ்டோகிராமைத் திறந்தால்
நடுவில் ஒரே ஒரு குன்று.
(எங்கள் ஊரில் குன்றே கிடையாது.)
இடப்பக்கம் கருப்பு இல்லை, வலப்பக்கம் வெள்ளை இல்லை,
நாயைக் கண்ட ஆடுகள் மாதிரி
ஒளியெல்லாம் நடுவில் முண்டியடித்து நிற்கிறது.

முதலில் கருப்பை உள்ளே தள்ளுகிறேன்,
குன்றின் அடிவாரம் வரை.
பிறகு வெள்ளையை, பாதி வழிதான்.
பனியில் முழு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை.
நேர்கோட்டை இரு விரலால் பிடித்து
விலாங்குபோல் நெளிய விடுகிறேன்.
நீலம் மிஞ்சுகிறது; ஒரு சிட்டிகை மஞ்சள்.
நாணல் தாள் தாளாய் எழுந்து நிற்கிறது,
தண்ணீருக்கு ஒரு விளிம்பு வருகிறது.
இனி பனிநீக்கி.
இருபது. முப்பத்தைந்து. அறுபது.

ஒன்றின் கண்ணோரம் பச்சை,
முதுகில் ஈரத்தின் மினுக்கம்.
மற்றதற்கும் பச்சைதான்,
எனக்குத் தெரிந்த பச்சை,
பம்ப் நிலையக் கதவின் பச்சை.
அலகுக்குப் பின்னால் ஓர் ஆணித்தலை.

டெல்மோ.
செப்டம்பரில் வந்து மிச்சப் பெயிண்ட் கேட்டான்.
படகுக்கு என்றான்.

முழங்கால் சேற்றில் நாற்பது நிமிடம்
மூச்சை அடக்கி நின்றிருக்கிறேன்,
அதில் இருபது ஒரு மரக்கட்டைக்கு.
சிரிப்பு வருகிறது. பிறகு
உயிருள்ளதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்:
கழுத்து நீண்டு, அலகு சற்றே திறந்து,
கட்டையைப் பார்த்தபடி
ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

எட்டு மணிக்கு நான் நிலையத்தில் இருந்தேன்.
வெடிச் சத்தம் கேட்டதா?
நான்கு பம்புகளும் ஓடிக்கொண்டிருந்தன.

விரல் தானாகவே பின்னால் போகிறது.
நாற்பதில் ஆணி மறைகிறது.
இருபத்தைந்தில் பெயிண்ட்.
அலகின் பிளவு மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கிறது.
பன்னிரண்டில்
இரண்டு கிளுவைகள், அவ்வளவுதான்;
எது எதைக் கூப்பிட்டது என்று
இந்தப் பனியில் யாராலும் சொல்ல முடியாது.
சேமிக்கிறேன்.

இவோன்னே இன்னமும் ஈரச் சுவர் என்பாள்.
என்னவோ சொல்லட்டும்.

காலையில் டெல்மோ வீட்டு வழியாகப் போய்
அந்தப் பெயிண்ட் டப்பாவைத்
திருப்பிக் கேட்க வேண்டும்.