பத்துக் கண்ணி

எண் தேய்ந்துபோயிருந்தது.
எந்தச் சங்கிலிக்கு என்று
விஞ்சின் சக்கரத்தில் கொத்தியிருந்த இடத்தில்
மூன்று கை பெயின்ட், அதற்கு மேல் துரு.
படகு அஜ்மான் கழிமுகத்தில் கிடந்தது.
நாகுதா கல்ஃபான் போனில் சொன்னார்:
"பத்து மில்லி. ஐம்பது மீட்டர் வெட்டி வை."

பத்து மில்லி என்பது கனம்.
கனம் மட்டும் சொன்னால் போதாது என்பதை
அரபியில் சொல்லத் தெரியாமல் இந்தியில் சொன்னேன்,
இந்தியும் தீர்ந்துபோய்க்
கையால் சொன்னேன்,
போனில்.

கடையில் பத்து மில்லி இரண்டு வகை.
ஒரே வெள்ளிப் பூச்சு, ஒரே மாதிரி பீப்பாய்,
தூக்கினால் ஒரே முதுகுவலி.
ஒன்றின் கண்ணி மற்றதைவிட
இரண்டு மில்லி நீளம்.
தனிக் கண்ணியைப் பார்த்தால் கண் ஏமாறும்,
தடவிப் பார்த்தால் நகமும் ஏமாறும்.
பத்துக் கண்ணியை இழுத்துப் பிடித்தால்தான்
இது முப்பது சென்டிமீட்டர்,
அது இருபத்தெட்டு.

மதியம் படகின் சமையல்காரன் தில்முராத் வந்தான்.
கையில் தட்டு, மேலே ஈரத்துணி.
துணிக்குள்
சக்கரத்தின் குழிகளில் அழுத்தி எடுத்த ரொட்டி மாவு.
ஐந்து குழி, அச்சு அசலாக,
ஓரத்தில் கொஞ்சம் பழைய கிரீஸ்.
"அளந்துகொள். ராத்திரி ஆளுக்கு ஒரு ரொட்டி குறையும்."

ஒன்பது வருடத்தில் இந்தக் கவுண்டரில்
இவ்வளவு புத்தியுள்ள பொருளை
யாரும் வைத்ததில்லை.

நான் முதலில் சாப்பிடப் போனேன்.
கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.
திரும்பி வந்தபோது துணியை யாரோ
கை துடைக்க எடுத்திருந்தார்கள்.
ஏசிக் காற்று நேராக மாவின் மேல்.

சங்கிலியில் ஒரு கண்ணி படுக்கும்,
அடுத்தது நிற்கும்.
படுத்ததற்குத்தான் குழி.
குழிக்குக் குழி அளந்தேன்: ஐம்பத்தாறு.
பாதி, இருபத்தெட்டு.
மறுபடியும் அளந்தேன். மாறவில்லை.
மாவு பொய் சொல்லவில்லை,
காய்ந்திருந்தது,
அவ்வளவுதான்.

கிரைண்டர் வைத்து வெட்டிக் கொடுத்தேன்.
வெட்டிய சங்கிலி திரும்ப எடுக்கப்படாது,
பில்லிலேயே அச்சடித்திருக்கிறது.

நாலாம் நாள் இரவு வடமேற்குக் காற்று.
முசந்தம் பக்கம் ஒரு குடாவில்
நங்கூரம் தூக்கினார்களாம்.
ஆறு கண்ணி ஒழுங்காக ஏறியது.
ஏழாவது குழியின் விளிம்பில் ஏறி நின்றது.
எட்டாவது துள்ளியது.
பிறகு எண்ண நேரமில்லை,
ஏறிய அத்தனையும்
நெருப்புப் பொறியோடு கடலுக்குள்.
கடைசி முனையில் கட்டியிருந்த கயிறுதான் பிடித்தது.

"கயிறு பிடித்தது. நான் பிடிக்கவில்லை"
என்றான் தில்முராத்.
கவுண்டர் கண்ணாடியின் மேல்
இரண்டு கையையும் விரித்து வைத்தான்.
"எண்ணிப் பார்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
நான் எண்ணினேன்.
பத்து.
சுண்டுவிரல் நகத்தில் காய்ந்த மாவு.

கனுபாய் சத்தம் போடவில்லை.
மூன்று மாதச் சம்பளத்தில் பிரித்துப் பிடித்தார்,
ரசீதும் தந்தார்.

அடுத்த நாள் நானே படகில் ஏறினேன்,
பையில் நீளக் கண்ணி பத்து.
சக்கரத்தைக் கையால் உருட்டினேன்.
படுத்தது படுத்தது, நின்றது நின்றது.
சொல்வதற்குச் சத்தமே இல்லை.
கல்ஃபான் எட்டிப் பார்த்துவிட்டு
"பத்து மில்லிதானே?" என்றார்.
ஆமாம் என்றேன்.

பழைய சங்கிலி இப்போது கடைக்கு முன்னால்
இரண்டு டிரம்முக்கு நடுவில் தொங்குகிறது,
யாரும் வண்டி நிறுத்தாமல் இருக்க.
அங்கே அதை யாரும் கண்ணி எண்ணிப் பார்ப்பதில்லை.
உப்பு பூத்துக் கிடக்கிறது.

போன வாரம் ஒரு ஃபிலிப்பினோ பையன்
சோப்புக்கட்டியில் அச்செடுத்து வந்தான்.
டிபன் பாக்ஸ் திறந்திருந்தது.
சோறு ஆறட்டும் என்று
ஸ்கேலை எடுத்தேன்.