உள்பக்கப் பின்சக்கரம்

இந்த ஊர்ப்பக்கம் வளைவு கிடையாது.
காசு போட்ட தெருக்கள் எல்லாம் நூல் பிடித்தவை.
முன்வாசல் ஒரு தெருவில், பின்கட்டு மறு தெருவில்,
நடுவே முடியவே முடியாத மதில்.
கானாடுகாத்தானில் ஒரு திருப்பம் திரும்பி
மூன்றாம் கியர் போட்டுவிட்டால்
ஸ்டியரிங்குக்கு வேலை இல்லை.

வளைவு வேண்டுமென்றால் தண்ணீரிடம் போக வேண்டும்.
கண்மாய்க்கரை மட்டும்தான்
யாருடைய நூலுக்கும் கட்டுப்படாமல்
பள்ளம் போன போக்கில் நெளிகிறது.
அதற்காகத்தான் ஞாயிறுகளில்
ஐந்து மணிக்கே எழுகிறேன்.

பாலியோ. ஒன்று புள்ளி ஆறு. மஞ்சள்.
கோயம்புத்தூர் ஆடிட்டர் ஒருவர்
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:
"ஸ்டியரிங் கனமா இருக்கும். பெட்ரோல் குடிக்கும்.
வளைவுல பயந்து காலை மட்டும் எடுத்துராதீங்க."
முதல் இரண்டும் அன்றைக்கே,
திண்டுக்கல் வருவதற்குள் புரிந்தன.

பகலில் நான் பேட்டரி ஆராய்ச்சிக்காரி.
நாணயம் அளவுக் கலத்துக்குள்
லித்தியம் எத்தனை முறை போய்த் திரும்பும்
என்று எண்ணுவதற்குச் சம்பளம்.
காரைச் சுற்றி வந்து பத்மலோசனி கேட்பாள்:
"மடப்பள்ளியில கருவாட்டு வாசம் அடிக்குதே?"
லிட்டருக்கு ஒன்பது தருகிறது.
வெளியில் பத்து என்று சொல்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தாவில் சூசைமாணிக்கம்
வண்டிக்கடியில் படுத்தபடியே பேசுவார்.
லோயர் ஆர்ம் புஷ் போய்விட்டது, புனேயிலிருந்து வரணும்.
வரும்வரை அவருடைய ஷெட்டில்
மஞ்சள் நிறம் மட்டும் எடுப்பாகத் தெரியும்.
முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து
என்னைக் கூப்பிடுவது டாக்டரம்மா.
ஒருமுறை இருமலுக்கு மருந்து கேட்டார்.

அந்த வளைவு, மடையைத் தாண்டி இடப்பக்கம்.
ஒற்றைப் பனை வந்ததும் பிரேக்.
மூன்றிலிருந்து இரண்டு.
மூக்கை உள்ளே விட்டால்
மொத்த எடையும் வலது முன்டயரில் சாய்கிறது.
தாரில் கிடக்கும் செம்மண் பொடி எவ்வளவு என்று
டயர் சொல்ல, உள்ளங்கை கேட்கிறது.
அப்போது இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டும்.
மிதித்தால் கயிறு கட்டி இழுத்ததுபோல்
கரையோடு ஒட்டிச் சுற்றிவரும்.

தை கடைசியில் ஒரு ஞாயிறு.
வளைவின் பாதியில் சாலை முழுக்க வாத்து.
காலை எடுத்தேன்.

எடை முழுக்க முன்னால் ஓடிற்று.
பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது.
கண்ணாடியில் சாலை இல்லை, கண்மாய்.
காலையில் அது என்ன நிறம் என்று
இன்றைக்கும் சொல்லத் தெரியும்.
கை தானாக எதிர்ப்பக்கம் ஒடித்தது.
கால், எடுத்த இடத்திலேயே போய் அழுத்தியது.
நேரானதும் பிரேக்.
முதல் வாத்துக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு சொம்பு வைக்கலாம்.

வாத்துக்காரர் செவந்தியப்பன் எண்ணினார்.
நானும் இறங்கி எண்ணினேன்.
நூற்று நாற்பத்தாறு. ஒன்றும் குறையவில்லை.
திட்டுவார் என்று நின்றேன்.
அவர் குனிந்து பின்சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.
"வளையிறப்ப உள்பக்கத்து வீலு தரையிலயே படலம்மா.
நட்டு கழண்டிருக்கும், பாருங்க."

கழலவில்லை.
சேலை நனையாமல் வாய்க்கால் தாண்டுகிறவள்
ஒரு காலைத் தூக்குவதில்லையா, அப்படி.
ஒன்பது வருடமாக அந்த நொடியில்
முதுகுக்குப் பின்னால் ஏதோ லேசாகும்,
என்னவென்று திரும்பிப் பார்க்க முடியாது.
பார்த்த ஒரே மனிதர்
கையில் கம்போடு நிற்கிறார்.
மறுபடி ஒருமுறை ஓட்டுகிறேன்,
பார்த்துச் சொல்லுங்கள் என்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பனையடியில் நிறுத்தி
வளைவு முழுக்க நடந்துபோய்
வாத்தில்லை, ஆளில்லை என்று பார்த்துவிட்டுத்தான்.

சென்ற மாதம் எஃப்.சி.
இன்ஸ்பெக்டர் ஹாரன் அடித்தார்.
இண்டிகேட்டர் போட்டார்.
அலுவலக வாசலில் நேர்க்கோட்டில்
பத்தடி உருட்டிக் கையெழுத்துப் போட்டார்.
ஐந்து வருடம்.
"இதைப் போய் ஏன் மேடம் வச்சிருக்கீங்க?"
பதிலுக்குக் கண்மாய்வரை போக வேண்டும்.
அவருக்குச் சாப்பாட்டு நேரம்.