இடது கால் சிலிப்பர்

பலகையும் தாளுமாக ஒரு பையன்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
"மூணு மாசத்துக்கொருக்கா தவறாம வர்றீங்களேம்மா,
என்ன காரணம்?"
தாளில் நாலு கட்டம்:
பயம், குடும்பம், டாக்டர் சொல், மருந்து.

பயம் என்றால், தம்பி,
குவாலா பிலாவில் முழங்காலுக்குக் கீழே
இடதை எடுத்தபோது
அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.
குடும்பம் இந்நேரம் செம்பனைக்குள் நிற்கும்.
மருமகன் மோட்டாரில் என்னை இறக்கிவிட்டு
பெரட்டுக்குப் பிந்தி
அரைநாள் சம்பளத்தை விடுகிறான்.
சொல்லிக் காட்டமாட்டான்.
ஹெல்மெட்டைக் கொஞ்சம் சத்தமாகக் கழற்றுவான்.
டாக்டரோ ஒவ்வொரு தடவையும் வேறு பிள்ளை,
எல்லோருக்கும் என் சோற்றின் மேல் கோபம்.

முதல் இரண்டு தேதிக்கு நான் வரவேயில்லை.
அட்டையை மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டேன்.
மூன்றாவதுக்கு வந்ததும்
ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்துபோனதால்தான்.

அன்றைக்கு இதே நாற்காலியில் ஆ கிம்.
பகாவ் பாசாரில் கங்கோங் விற்றவள்.
என் காலைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.
அவளுக்குப் போனது வலது.
"ஒன் சைஸ் என்ன?" என்று மலாயில் கேட்டாள்,
கருவாடு விலை விசாரிப்பதுபோல்.
எனக்கு ஆறு, அவளுக்கு ஐந்தரை.
பரவாயில்லை, சாயங்காலம் வீங்கிவிடும் என்றாள்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே ஜோடி.
ஒரு தடவை நான், ஒரு தடவை அவள்.
போன முறை அவள் வாங்கியது ஊதா, பூப்போட்டது.
இந்த வயதில் பூவா என்று கேட்டேன்.
போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்கு என் முறை.
பைக்குள் பச்சை இடது, விலைச்சீட்டோடு,
ஏழு வெள்ளி தொண்ணூறு காசு.
மணி ஒன்பதரை.
அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

பொறு தம்பி, வந்துவிடுகிறேன்.

கவுண்டரில் மிஸ்ஸி நோர்லைலா
கணினியை மேலும் கீழும் உருட்டினாள்.
"கிம்மா? கண் பரிசோதனை இருக்கு,
நாளைக்கு மாத்தியாச்சு."
கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்துகொண்டேன்.
பிறகு சொன்னேன், என்னையும் மாத்து.
மருமகன் ஹெல்மெட் நாளைக்கும் சத்தம் போடட்டும்.
"காரணம் எழுதணுமே, ஆன்ட்டி?"
பையைத் திறந்து காட்டினேன்.

திரும்பிவந்தபோது பையன்
நாலு கட்டத்தையும் விட்டுவிட்டு
'மற்றவை' என்ற கோட்டின்மேல்
ஏதோ எழுதியிருந்தான்.
எட்டிப் பார்த்தேன்.
வலது கால் சிலிப்பர் என்று இருந்தது.
அடித்துத் திருத்தச் சொன்னேன்.